குடையாத பானை

பழைய எகிப்தில், நைல் நதிக்கரைத் தேபஸ் நகருக்கு எதிர்க்கரையில், கல்லறை வேலைக்காரர்கள் குடியிருந்த தெருவில், அமெக்கைப் போல வாய்ச்சவடால் அடிக்கிறவன் வேறு யாரும் கிடையாது. தொழில் என்னவோ பானை செய்வதுதான். ஆனால் அவன் பானையில் ஒரு வாய்த் தண்ணீர்கூட நிற்காது. முழு மரக்கட்டையைப் பானை வடிவில் செதுக்கி, பளிங்கு போலத் தெரிய வரிவரியாக வர்ணம் பூசி, வயிற்றில் ‘பீர்’ என்றோ ‘தேன்’ என்றோ எழுதிவிடுவான். நிஜப் பளிங்குக்கு வக்கில்லாதவர்கள் செத்தவரோடு கல்லறையில் வைக்க இதைத்தான் வாங்கினார்கள்.

“என்னப்பா, உள்ளே குடையவே இல்லையே?” என்று யாராவது முனகினால் போதும், பிடித்துக்கொள்வான்.

“அட என்னம்மா நீங்க! குடைஞ்சு ஊத்தினா ஒரு மாசத்துல தீந்துரும். இது எழுத்து. மேற்கே, செத்தவங்க உலகத்துக்குப் போனதும் எழுத்தே பீரா மாறிடும், அள்ள அள்ளக் குறையாது. செத்தவங்க யாராச்சும் திரும்பி வந்து குறை சொல்லியிருக்காங்களா?”

எவன் வருவான்? வியாபாரம் ஜோராக நடந்தது. சொந்த மாமியார் செத்தபோதும் மரப்பானைகளை வரிசையாக அடுக்கி, ஊர் மெச்ச வழியனுப்பிவைத்த மகராசன் அவன்.

அந்த வருஷம் வெள்ளம் வடிந்த கையோடு காய்ச்சல் வந்து அமெக்கைப் போட்டுப் புரட்டி எடுத்தது. பிழைத்து எழுந்து உட்கார்ந்ததும் முதல் காரியமாக, குயவனிடம் இரண்டு மண்பானை வாங்கினான். மனைவி தமித் காய்ச்சிய கெட்டி பீரை வழிய வழிய நிரப்பினான். வாயைக் களிமண்ணால் பூசி முத்திரையும் குத்திவிட்டான். பானைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது தமித் வாசலை மறித்தாள்.

“எங்கேயா தூக்கிட்டுப் போற?”

“மலையில என் கல்லறைக்கு. முன்னாடியே வச்சுட்டா நல்லதுன்னு...”

“அதான் மூலையில மரப்பானை குவிஞ்சு கெடக்கே. ‘பீர்’னு எழுதிக்கிட்டா முடிஞ்சுது.”

அமெக் அசடு வழிந்தான். “அடியே, அது வாங்குறவங்களுக்குடி. எனக்குத் தாகம் தாங்காதுன்னு உனக்குத் தெரியாதா?”

தமித் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

“அப்போ எங்கம்மா?”

அமெக் அவளைச் சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டப் பார்த்தான்.

“எங்கம்மாவுக்குக் கட்டையைத்தானேயா வச்ச? அன்னையிலேர்ந்து அவ வாயில ஒரு சொட்டு...”

“எழுத்து இருக்குடி, எழுத்து...”

“எழுத்தை நீ குடி! பானையோட எங்கம்மா கல்லறைக்கு நட!”

கல்லறையை மூடியாகிவிட்டது, இனி உள்ளே எதையும் வைக்க முடியாது. செத்தவர்களுக்கு வெளியிலிருந்து ஊற்றுவதற்கென்று வாசலில் ஒரு சுண்ணாம்புக்கல் பலகை உண்டு. உச்சி வெயிலில் அது அடுப்பாகக் காய்ந்து கிடந்தது. அமெக் ஒரு பானையின் முத்திரையை உடைத்துக் கவிழ்த்தான். “அத்தை, கோவிச்சுக்காதீங்க” என்று முணுமுணுத்தான். அவ்வளவு பீரும் கல்லில் விழுந்த சுவடு தெரியாமல் உள்ளே இறங்கிவிட்டது.

தமித் ஓவென்று அழுதுவிட்டாள். “பாத்தியா? எவ்வளவு தாகமா இருந்திருக்கா பாத்தியா!”

வெயிலில் சுண்ணாம்புக்கல் எதை ஊற்றினாலும் உறிஞ்சும் என்று அமெக்குக்குத் தெரியும். அவன் அதைச் சொல்லவில்லை. தோளிலிருந்த இன்னொரு பானையையும் இறக்கி, அதன் முத்திரையை உடைத்தான்.