படத்தில் முதுகு மட்டும்

என் வீட்டுக்காரர் மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். தாராவியிலிருந்து மாஹிம் ஸ்டேஷனுக்கு நடை, விடியுமுன் ரயில். முப்பது வருஷம் அப்படித்தான்.

இரண்டு வயதுக் குதிரைகளுக்கு வருஷக் கடைசியில் ஒரு பெரிய பந்தயம் நடக்கும். அதன் சரித்திரத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்களாம்: ஜெயித்த குதிரை, முதலாளி, ஜாக்கி. குதிரையைக் குளிப்பாட்டியவர் பெயர் அதில் வராது. ஜெயித்ததும் எடுக்கிற படத்தில் கடிவாளத்தைப் பிடித்து நிற்கலாம், அவ்வளவுதான். அந்தப் படத்தில் ஒரு தடவையாவது நின்றுவிட வேண்டும் என்று இவருக்கு ஆசை.

குதிரைக்கு அந்த வயது ஒரே ஒரு தரம்தான். எந்த மாதம் பிறந்திருந்தாலும் ஜனவரி ஒன்றாம் தேதி எல்லாக் குதிரைக்கும் ஒரு வயது ஏற்றிவிடுவார்கள். என் ஆதார் அட்டையிலும் ஜனவரி ஒன்றுதான். பிறந்த தேதி தெரியாதென்றேன், அதைப் போட்டார்கள். எனக்கொன்றும் குறைவில்லை, பந்தயக் குதிரைகளோடு சேர்த்திதானே.

இவர் வளர்த்த குட்டிகள் ஒரு வருஷம் இருமும், ஒரு வருஷம் நொண்டும். வேலையிலிருந்து நிற்கிற வருஷம் ஒரு செவலை வந்தது. மே மாதக் கடைசியில் பிறந்தது. கூட ஓடுகிறவை நாலைந்து மாதம் மூத்தவை. முன்னங்கால் எலும்பு இன்னும் முற்றவில்லை, கவனம் என்று டிரெய்னர் சொல்லியிருந்தார்.

"என்னக்கா, ஒங்க குதிரை பால்குடி மறந்துட்டா?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

"ஒம் புருசனுக்கு முந்தியே மறந்துட்டு" என்றேன்.

செவலை ஜெயித்தது. பத்து நாள் கழித்துப் படத்தை வாங்கிக்கொண்டு வந்தார். முதலாளி, அவர் குடும்பம், டிரெய்னர், மேலே ஜாக்கி, எல்லோரும் சிரிக்கிறார்கள். இவரைத் தேடினேன். குதிரையின் மார்புக்குக் கீழே காக்கிச் சட்டை போட்ட முதுகு ஒன்று குனிந்திருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "மொகத்தக் காட்டிருக்கலாம்லா? முப்பது வருசம் இதுக்குத்தான கெடந்திய?"

"ஏளா, குட்டிக்கு முன்னங்கால் தொட்டா சுட்டுச்சு. படம் புடிக்கவன் ஒண்ணு ரெண்டு எண்ணுதான். அதுக்குள்ள வீங்கிட்டுன்னா?"

"வீங்குச்சா?"

"இல்ல."

அவர் போய் நாலு வருஷமாகிறது. படம் சுவரில் இருக்கிறது. இதில் உங்கள் வீட்டுக்காரர் யார் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். மற்றவர்கள் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், குதிரையைப் பார்க்கிறவர் அவர் என்பேன்.