சிங்கப்பூர்–சென்னை: நாலு மணி நேரமும் என் கணக்கும்

மீனம்பாக்கத்துக்கு யாரையாவது பார்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பவும். நானும் அம்மாவும் 1988 ஜனவரியில், சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் கொட்டச்சேட்டிலிருந்து போய்வந்தோம். போனோம், வந்தோம். அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த அப்பாவை, ஊருக்கு விடாமல் அப்படியே துபாய்க்கு மாற்றிவிட்டார்கள். சென்னையில் விமானம் மாற வேண்டும். ‘காலை பத்து மணிக்குக் கிளம்புவேன். சென்னையில் ஒரு மணி நேரம் வெளியே வந்து உங்களைப் பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தார். அவரைப் பார்த்து நாலு வருடம். இதை விட்டால் இன்னும் மூன்று வருடம்.

அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்தேன். சுமார் 2,900 கிலோமீட்டர். நாலு மணி நேரம் பறக்கும் என்றார் எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ஆக, மதியம் இரண்டு மணி.

முந்தின நாள் மாலை பஸ்ஸில் மலை இறங்கினோம். வளைவு இருபது, எனக்கு வாந்தி மூன்று. சேலத்தில் அம்மா கெஞ்சினாள்.

“ராத்திரி பஸ்ஸுக்கே போயிரலாம் கண்ணு. முன்னாடியே போயி உக்காந்துக்கலாம்.”

“எதுக்கும்மா? எட்டு மணி நேரம் பிளேனுக்குக் காவல் காக்கவா?”

அங்கேயே மாமா வீட்டில் படுத்து, காலை ஐந்து மணி பஸ் பிடித்தோம். 340 கிலோமீட்டர், எட்டரை மணி நேரம். விமான நிலைய வாசலை அடைந்தபோது ஒன்றே முக்கால். கால் மணி நேரம் முன்னதாக வந்த பெருமையோடு காவலரிடம் விசாரித்தேன்.

“சிங்கப்பூர் பிளேனா? பதினொன்றரைக்கே வந்துடுச்சே.”

“சார், பத்து மணிக்குக் கிளம்பின பிளேன் ஒன்றரை மணி நேரத்துல வருமா? ராக்கெட்டா?”

“அங்க கடிகாரம் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுதும்மா.”

எங்கள் எஸ்டேட்டில் ஏழு மணிச் சங்கு ஊதினால், எனக்கு உலகத்துக்கே மணி ஏழு. ஊருக்கு ஊர் மணி மாறும் என்று நான் யோசிக்கவே இல்லை.

“ஒருத்தர் இந்தக் கம்பியப் புடிச்சுக்கினு, சேலம் பஸ் வந்துச்சா வந்துச்சான்னு கேட்டுக்கினே இருந்தாரு,” என்றார் பக்கத்திலிருந்த டாக்சி டிரைவர். “இப்பத்தாம்மா உள்ள போனாரு.”

“ஏனுங்க, ஒருக்கா கூப்புடுங்க சாமி,” என்று காவலரைக் கும்பிட்டாள் அம்மா.

“இமிகிரேஷன் தாண்டிட்டா வெளிய விடமாட்டாங்கம்மா.”

துபாய் விமானம் மூன்றரைக்கு. அதுவரை அப்பா அந்தச் சுவருக்கு உள்ளேதான் இருந்தார். 2,900 கிலோமீட்டரை அளந்த நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றரைக்குப் பிறகு மேலே போன மூன்று விமானங்களுக்கும் அம்மா கையாட்டினாள். எது அவருடையது என்று எங்களுக்குத் தெரியாது.

போகிறவர்களுக்கு: கடிதத்தில் இருப்பது எந்த ஊர் மணி என்று முதலில் கேளுங்கள். முந்தின இரவே கிளம்புங்கள். கணக்கு தெரிந்த பிள்ளையின் பேச்சைக் கேட்காதீர்கள்.

கொட்டச்சேட்டில் இறங்கியதும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். “ஏனுங்க, அவரப் பாத்தீங்களா?”

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

“பிளேன் நொம்ப முன்னாடியே வந்துருச்சுங்க,” என்றாள்.