கீழ் வரிசையில் தொங்கிய வில்லை

இது நடந்தது. நடக்காததை ஜோடித்துச் சொல்ல எனக்கு வராது. யாருக்கு நடந்ததோ அந்த அக்கா எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். இன்று காலையும் வேலைக்குப் போனாள். பின்னாலேயே அவள் புருஷனும் போனான்.

புருஷன் என்று தெரு சொல்கிறது. அக்கா சொல்வதில்லை.

வேலை இடத்தில் அவளுக்குப் பெயர் "பளபளா". துரு ஏறிய எதைக் கொடுத்தாலும் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுவாள். ஆற்றோரத்துப் பழைய சாய மில்லில்தான் வேலை. மில் ஓடிய காலத்தில் ஆறு தினம் ஒரு நிறத்தில் போகுமாம். இன்றைக்கு எந்தச் சாயம் என்று பாலத்தில் நின்றே சொல்லிவிடலாமாம். மில் மூடியது. ஆறு தெளிந்தது, ஊர் காய்ந்தது. இப்போது ஊர் மறுபடி தலையெடுக்கிறது. கரை நெடுக நடைபாதை, விளக்கு, மரப்பெஞ்சு. மில்லுக்குள் கடைகள். நடுக்கூடத்தில் பெரிய உணவகம். மில் காலத்துச் சாமான் எதையும் தூக்கிப் போடாமல் அழகுக்கு வைக்க வேண்டும் என்பது உள்அலங்கார மேடத்தின் உத்தரவு. கொக்கி, சங்கிலி, பல்சக்கரம் எல்லாம் பளபளாவின் கைக்கு வந்து போகும்.

அவள் புருஷன் அங்கேயே, அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற பம்ப்காரர். வாயில் எந்நேரமும் ஒரு சீட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அவர் "ஊதல்". அவரை யாரும் தேடியதில்லை. காதைக் கொடுத்தால் போதும்.

நடுக்கூடத்துத் தரைக்குக் கீழே ஒரு சுரங்கம் உண்டு. ஆற்றுத் தண்ணீரை மில்லுக்குக் கொண்டுவர வெட்டியது. மதகைத் திறந்தால் சுரங்கம் கூரை வரை நிரம்பிவிடும். உள்ளே இறங்குகிறவன் உயிருக்குக் காவல் சுவரில் இருந்த ஒரு பலகைதான். அதில் இரண்டு வரிசை ஆணிகள். ஒவ்வொரு ஆளுக்கும் எண் அடித்த பித்தளை வில்லை. வெளியே இருந்தால் வில்லை மேல் வரிசையில். சுரங்கத்தில் இருந்தால் கீழ் வரிசையில். கீழே ஒன்று தொங்கினாலும் மதகைத் தொடக்கூடாது. பலகையிலேயே பெயின்டில் எழுதியிருந்தது: "தன் வில்லையைத் தானே மாட்டு. பிறர் வில்லையைத் தொடாதே."

மேல் வரிசையில் ஓரிடம் மட்டும் காலி. அந்த வில்லை கீழ் வரிசையில் தொங்கியது. எண் 41. பச்சை பூத்து, ஆணியோடு ஒட்டிப்போய். அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது வேலையாட்களுக்கு எல்லாம் பிளாஸ்டிக் அட்டைதான். ஆனாலும் ஊதல் சுரங்கத்தில் இறங்கும்போதெல்லாம் தன் அட்டையை 41க்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார்.

"செத்தவனுக்குத் துணையா?" என்பாள் அவள்.

"பாவம்டி. எவ்வளவு காலமாத் தனியாத் தொங்குறான். பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணாமா?"

"ஒருநாள் இல்ல ஒருநாள் உங்களைப் பிடிச்சு வச்சுக்கப் போறான், பாருங்க."

"வச்சுக்கட்டுமே. உன் வாய்க்கு அவன் எவ்வளவோ தேவலை."

மில்காரர்களின் இன்னொரு பழக்கத்தையும் அவர் பிடித்து வைத்திருந்தார். சுரங்கத்திலிருந்து கத்தினால் எதிரொலியில் சொல் புரியாது. ஆகவே இரும்பு ஏணியில் மூன்று தட்டு. "நான் இங்கே இருக்கிறேன்" என்று அர்த்தம். மேலே இருப்பவர் பதிலுக்கு மூன்று தட்ட வேண்டும். "தெரியும், காத்திருக்கிறோம்." அவர் கீழே இருக்கிற நாளில் பளபளா கையில் துணியும் காதில் ஏணியுமாக வேலை பார்ப்பாள்.

மேலே வரப்போகிற பாரத்துக்குச் சுரங்கம் தாங்காது என்றார்கள். கான்கிரீட் ஊற்றி அடைத்துவிட்டு, அதன் வாயை மட்டும் ஒரு முழம் ஆழத்துக்கு விட்டு, உள்ளே விளக்கு வைத்து, மேலே கண்ணாடித் தளம் போடுவதாகத் திட்டம். சாப்பிட வருகிறவர்கள் காலுக்குக் கீழே எட்டிப் பார்க்கலாம்.

ஊற்றுகிற நாள் வந்தது. கலவை லாரிகள் வாசலில் உறுமிக்கொண்டு நின்றன. கடைசியாக மிச்சமிருந்த ஒரு பம்பைக் கழற்ற ஊதல் இறங்கினார். அட்டையை வழக்கமான ஆணியில் மாட்டினார். கீழே சீட்டி கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது மேடம் வந்தாள், கூடவே படமெடுக்கிறவனும்.

"அது என்ன, மேல ஓரிடம் மட்டும் பல்லு விழுந்த மாதிரி? கீழ இருக்கிற பித்தளையைத் தேய்ச்சு மேல மாட்டு. வரிசை நிறைஞ்சு இருக்கணும்."

"மேடம்... அவங்கவங்கதான் எடுக்கணும்னு எழுதியிருக்கு."

"எழுதினவங்க எங்க?"

"இப்ப யாரும் இல்ல மேடம்."

"அப்ப நீ எடு."

படமெடுக்கிறவன் சிரித்தான். பளபளாவுக்கு முகம் சுண்டிவிட்டது. புருஷனின் அட்டையை அவள் தொடவில்லை. உயிரோடு இருக்கிறவருடையது. 41ஐப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுமுனையை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பிறகு, விட்டுவிட்ட மாதிரி, சட்டென்று வந்தது.

சுவர் காய்ந்து கிடந்தது. வில்லையின் முதுகு மட்டும் ஈரம்.

தேய்த்தாள். துணியில் பச்சை வரவில்லை. நீலம் வந்தது. தேய்க்கத் தேய்க்க நீலம்.

மேல் வரிசையில் மாட்டினாள்.

கீழே சீட்டி நின்றது. பாட்டு முடிந்து நிற்கவில்லை. பாதி மூச்சில் அறுந்தது.

கொஞ்ச நேரத்தில் ஏணியில் காலடி. தொம்... தொம்... தொம். தலைக்கவசம் தெரிந்தது. முகம் தெரிந்தது. அவரேதான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சட்டையோ உலர்ந்திருந்தது.

மேஸ்திரி தூரத்திலிருந்து கத்தினார். "பளபளா! வந்தது உன் ஆளுதானே?"

பார்த்தாள். முகம் அதுதானே?

"ஆமாண்ணே!"

"ஊத்துங்கடா!"

வந்தவன் பலகையைத் தாண்டி நடந்தான். அட்டை ஆணியிலேயே தொங்கியது.

"ஏங்க... அட்டையை எடுக்கலையா?"

அவன் நின்றான். திரும்பாமலே சொன்னான்.

"என்னோடது மேல இருக்கு."

லாரியின் குழாய் சுரங்கத்துக்குள் கக்க ஆரம்பித்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே...

டக். டக். டக்.

"அண்ணே, ஏதோ தட்டுது!"

"கலவை விழுந்தா ஏணி ஆடாதா? வேலையைப் பாரும்மா."

டக். டக். டக்.

பழகிய கை சும்மா இருக்கவில்லை. யோசிக்கும் முன்பே அது பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் மூன்று முறை தட்டிவிட்டது.

தெரியும். காத்திருக்கிறோம்.

கீழே தட்டல் வேகமானது. ஏணியின் அடியில்... அப்புறம் நடுவில்... அப்புறம் மேலே, மேலே...

நின்றது.

அன்று சாயங்காலம் வீட்டில் சீட்டி இல்லை. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். குளிக்கப் போனான். வாசல் சாக்கடையில் நீலத் தண்ணீர் ஓடியது. பிறகு குளியலறைக் கதவை உள்ளிருந்து தட்டினான். மூன்று தடவை. காத்திருந்தான். மறுபடி மூன்று. அவள் பதிலுக்குத் தட்டியபிறகுதான் வெளியே வந்தான்.

தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது.

மகள் பள்ளிக்கூடம் போகாத சின்னக் குழந்தை. "அப்பா, ஊது" என்றாள். அவன் உதட்டைக் குவித்தான். சத்தம் வரவில்லை.

தண்ணீர் வந்தது.

கண்ணாடித் தளம் போட்டார்கள். உணவகம் திறந்தார்கள். பலகையைச் சுவரிலேயே விட்டு, விளக்கு போட்டார்கள். பிளாஸ்டிக் அட்டையைக் கழற்ற வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டாளாம். பழசும் புதுசும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது அழகாம். அட்டையில் ஊதல் சிரித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் வருவதற்கு முன் கண்ணாடியைத் துடைப்பது பளபளாவின் வேலை. ஒரு காலை, முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டக். டக். டக்.

கை அப்படியே நின்றது. கண்ணாடிக்குக் கீழே வெளிச்சம். அதற்கும் கீழே வெறும் கான்கிரீட். அதன் அடியிலிருந்து, மெல்ல, ஒரு சீட்டி. அன்று அறுந்த இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஓடினாள்.

"அண்ணே, அவர் கீழ இருக்காரு! உடைக்கச் சொல்லுங்கண்ணே, உங்க கால்ல விழுறேன்!"

"யாரு?"

"என் வீட்டுக்காரர்!"

மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன் வீட்டுக்காரன் வாசல்ல நிக்கிறான். அங்க ஒண்ணு, கீழ ஒண்ணா? உனக்கு மொத்தம் எத்தனைம்மா?"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசலில் நின்றவன் கையசைத்தான். நகக்கண் எல்லாம் நீலம்.

இருந்தாலும் மேஸ்திரிக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். தரையைச் சோதிக்கிறவரை வரவழைத்தார். அவர் தள்ளுவண்டி மாதிரி ஒரு கருவியைத் தரைமேல் உருட்டிப் பார்த்தார். "ஆத்துப் பக்கமா உள்ள ஒரு பொந்து இருக்கு. காத்து மாட்டியிருக்கும். சின்னதுதான், ஒரு ஆள் நீளம்" என்றார். துளை போட்டு சிமென்ட் பாலை ஊற்றி அடைத்தார்கள்.

ஊற்றும்போது அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அன்று வீட்டில் அவனிடம் நேராகக் கேட்டாள்.

"நீ யாரு?"

"தெரியாமலா மேல மாட்டின?"

"அவரை விட்டுடு."

"நான் எங்க பிடிச்சு வச்சிருக்கேன்? ஒருத்தன் மேல வந்தா ஒருத்தர் கீழ போகணும். அவ்வளவுதான். அட்டை அங்கேயே தொங்குது. போய் மாத்து. யாரு வேணாம்னது?"

விடிந்ததும் விடியாததுமாகப் போனாள். கூடத்தில் யாரும் இல்லை. பலகை முன் நின்று, புருஷனின் அட்டையில் கை வைத்தாள். ஆணியிலிருந்து பாதி எடுத்தும் விட்டாள். அவன் தொலைவான். அவர் வருவார். அவ்வளவுதானே?

பின்னால் ஒரு சிரிப்பு.

குழந்தையின் சிரிப்பு.

கண்ணாடித் தளத்தின் நடுவே மகள் உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் நின்றான். கையை அவள் தலைமேல் வைத்திருந்தான்.

"ம்... மாத்து. ஒருத்தர் போகணும்னுதான் சொன்னேன். நான்னு சொன்னேனா?"

கீழே தட்டியது. டக். டக். டக்.

மகளுக்கு வேடிக்கை. குனிந்து, குட்டிக் கையால் கண்ணாடியைத் தட்டினாள்.

டக். டக். டக்.

தெரியும். காத்திருக்கிறோம்.

சீட்டி கேட்டது. இவ்வளவு சந்தோஷமாக அது கேட்டதே இல்லை.

அக்கா அட்டையைத் திரும்ப ஆணியில் விட்டாள்.

கீழ் வரிசையில்.

சீட்டி நின்றது.

அன்றிலிருந்து அவன் குழந்தையைத் தினமும் அங்கே கூட்டிப்போகிறான். கண்ணாடிமேல் விளையாட விடுகிறான். பொறுப்பான அப்பா என்று தெருவில் நல்ல பெயர்.

இது போன மாதம் தெரிந்தது. தரையைச் சோதிக்கிறவர் மறுபடி வந்திருந்தார். வழக்கமான சோதனைதான். கருவியை உருட்டினார். ஆற்றுப் பக்கம் ஒன்றும் இல்லை. கண்ணாடி ஓரம் வந்ததும் நின்றார். பின்னால் இழுத்தார். மறுபடி உருட்டினார்.

"அடைச்ச பொந்துதானே சார்?" என்று மேஸ்திரி கேட்டார்.

"அதேதான். ஆனா இங்க இருக்கு."

"நகர்ந்திருக்கா?"

அவர் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவை படுத்த வாக்குல இருந்துச்சு. இப்ப... நிக்குது."

பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

"மேல ஒரு இடத்துல மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கு" என்றார் அவர். "கண்ணாடிக்கு அடியில வெளிய வர இன்னும் கொஞ்சம்தான். கை மாதிரி."