ஏழு மாதம் பேசாத சுதார்ஜோ

பந்துல் ஊர்ச் சந்தையில் ஒரு நாளைக்கு நாற்பது கோழி வெட்டும் வாகிராவால், வீட்டில் ஒரு மனிதரைக் கட்டிலைவிட்டு எழுப்ப முடியவில்லை.

அந்த மனிதர் அவள் புருஷன் சுதார்ஜோ. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நன்றாகத்தான் இருந்தார். திடீரென்று ஒரு மழைக்காலத்தில் பேச்சு நின்றது. அப்புறம் குளியல் நின்றது.

ஊரே காரணம் தேடியது. உடம்பு பிடித்துவிடுகிறவள், காற்று புகுந்துவிட்டது என்று முதுகைக் காசால் சுரண்டிச் சிவக்க வைத்தாள். மந்திரவாதி, செய்வினை என்று சொல்லி ஒரு கறுப்புச் சேவல் கேட்டார். சேவல் அவர் வீட்டுக் குழம்பில்தான் போய் இறங்கும் என்று தெரிந்தும் வாகிரா கொடுத்தாள்.

கடைசியில், அரசு சுகாதார நிலையத்திலேயே மனநல ஆலோசகர் இருக்கிறார் என்று அங்குள்ள நர்ஸ் சொன்னாள். வாகிரா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் சுதார்ஜோ ஏழு மாதத்தில் முதல்முறையாக வாய் திறந்தார். "நான் என்ன பைத்தியமா?"

"நீங்க இல்ல, பாக். எனக்குத்தான் பைத்தியம். துணைக்கு வாங்க," என்றாள் வாகிரா. அந்த ஊரில் ஐயாவுக்கு பாக், அம்மாவுக்கு இபு. மறுக்க அவருக்குத் தெம்பில்லை.

ஆலோசகர் ரெத்னோவுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். வாகிரா பொய்யை யோசித்து வைத்திருக்கவில்லை. சோறு இறங்கவில்லை, குளிக்கப் பிடிக்கவில்லை, விடிவதே பிடிக்கவில்லை என்று புருஷனுடைய நோயைத் தன்னுடையதாக ஒப்பித்தாள். ரெத்னோ அவளுடைய உதட்டுச் சாயத்தையும் மடியில் பாதி தின்ற அப்பளப் பையையும் பார்த்துவிட்டு, சுதார்ஜோ பக்கம் திரும்பினாள்.

"பாக், இவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்களா?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "ரோட்டுல லாரி வந்தா முன்னால போய் நின்னுடலாமான்னு தோணும். அதை விட்டுட்டா."

ரெத்னோ வாகிராவை வெளியே உட்காரச் சொன்னாள். கதவு ஐம்பது நிமிஷம் திறக்கவில்லை. வாகிரா முதலில் அழுதாள். பிறகு கோபம் வந்தது. "என்கிட்ட ஏழு மாசமா ஒரு வார்த்தை இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் அப்படி என்ன பேச்சு?" என்று பக்கத்தில் தடுப்பூசிக்குக் குழந்தையோடு காத்திருந்தவளிடம் கேட்டாள்.

அவரைத் தனியாக விடக்கூடாது, வண்டிச் சாவியை ஒளித்து வைக்க வேண்டும், நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ரெத்னோ கடிதம் எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ன என்று வாகிரா கேட்டாள்.

"சில பேருக்குக் காரணமே இருக்காது, இபு. ஆனா மருந்து இருக்கு."

பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து வேலை செய்ய ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை அவரைச் சந்தைக்குக் கூட்டிப்போய், கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்தாள். ஆறாவது வாரம் அவராகவே குளித்தார். உப்பு குறைச்சல் என்று குழம்பையும் குறை சொன்னார். அப்புறம் ஒரு நாள், எல்லாம் சரியாகிவிட்டது, மாத்திரை வேண்டாம் என்று முரண்டு பிடித்தார். வாகிரா கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்காமலே தண்ணீர் தம்ளரை நீட்டினாள். விழுங்கிவிட்டார்.

ராத்திரி லாரிச் சத்தம் கேட்டால் வாகிராவுக்குத் தூக்கம் போய்விடுகிறது. இப்போது செவ்வாய்தோறும் அவளும் ரெத்னோவைப் பார்க்கப் போகிறாள், இந்த முறை சொந்த நோயோடு.