சத்தம் போடாத மெஷின்

மெஷின் வாங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்ததே இல்லை. என்னை வாங்க வைத்தவன் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். இரண்டாம் மாடிக்காரன், சிறுசேரியில் வேலை, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். நேரில் ‘சார்’ என்பான், முதுகுக்குப் பின்னால் ‘கார்பென்டர்’ என்பான். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

நான் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார். வீடு ஊரப்பாக்கத்தில், ஃப்ளாட். என்னிடம் கார் கிடையாது, ஆனால் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த கார் நிறுத்துமிடம் உண்டு. அங்கே ஒரு மேசையைப் போட்டுச் சனிக்கிழமைகளில் மர வேலை செய்வேன். வாரமெல்லாம் வகுப்பில் கத்தியவனுக்கு அந்த ஓரம்தான் நிம்மதி. அது போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டுக்குள் மரத்தூள் நுழைந்தால் நான் வெளியே போக வேண்டியிருக்கும் என்று மனைவி முன்பே சொல்லிவிட்டாள்.

அப்போது வேப்பமரத்தில் நான்கு நாற்காலிகள் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு காலிலும் சட்டம் நுழையச் சதுரத் துளை போட வேண்டும். உளியை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால்தான் துளை விழும். அந்த அடி தூண் வழியாக இரண்டாம் மாடிவரை ஏறுகிறதாம். செயலாளரின் மாமியாரால் படுக்க முடியவில்லையாம். சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னான்.

“சார், ஒண்ணு சத்தம் நிக்கணும், இல்லேன்னா ஒர்க்‌ஷாப் நிக்கணும். அடுத்த மீட்டிங் வரைக்கும் டைம் எடுத்துக்கோங்க.”

சதுரத் துளைக்கென்றே மேசை மேல் வைக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. நான்கு பக்கமும் கூரான ஒரு குழல் உளி, அதற்குள்ளே சுழலும் பிட். கைப்பிடியை இழுத்தால் பிட் மரத்தைக் குடையும், உளி மூலைகளை வெட்டிச் சதுரமாக்கும். அடி கிடையாது. பாதி மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது என்றாள் மனைவி. அந்த விலைக்குள் சத்தம் போடாத ஒன்று கிடைத்தால் என் இடம் தப்பும்.

இணையத்தில் விமர்சனங்களைப் படித்தேன். “பேக்கிங் சூப்பர், சொன்ன தேதிக்கு வந்துடுச்சு” என்று ஐந்து நட்சத்திரம். அட்டைப்பெட்டியையா வாங்கினாய், மடையா? மெஷினை ஓட்டிப் பார்த்து எழுதியவன் ஒருவனும் இல்லை.

தாம்பரத்தில் ஜிஎஸ்டி சாலைக் கடை ஒன்றில் மெஷின் பளபளவென்று நின்றது. சத்தம் எப்படி என்று கேட்டேன்.

“சத்தமே வராது சார்.”

“போட்டுக் காட்டுங்க.”

“ப்ளக்ல சொருகிட்டா அப்பறம் செகண்ட் ஹாண்ட் சார். எவனும் வாங்க மாட்டான். இன்னாத்துக்கு உங்களுக்கு இவ்ளோ பேஜாரு? டிரில்லுல மாட்டற அட்டாச்மென்ட் கீது, அத்த வாங்கினு போங்க.”

ஓடாத மெஷினில் சத்தம் வராதுதான். கை டிரில் போடுகிற கூச்சலோ எனக்குத் தெரியும், செத்தவனும் எழுந்து உட்காருவான். கடையை விட்டு இறங்கி வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ரயிலேறிப் பாரிமுனைக்குப் போனேன். அந்தக் கடையில் ஓட்டிக் காட்டினார்கள், பார்சல் பெட்டியை உடைத்தெடுத்த, பஞ்சுபோல் மெத்தென்ற கட்டையில். நான் பையிலிருந்து என் வேப்பங்கட்டையை எடுத்தேன். ஓட்டலுக்குச் சொந்த அரிசி கொண்டுவந்தவனைப் பார்ப்பதுபோல் விற்பனையாளன் பார்த்தான். உளி இறங்கியது. ஏறும்போது கட்டையையும் கவ்விக்கொண்டு ஏறியது. கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டிய தகடு வாயைப் பிளந்து நின்றது.

“கையால புடிச்சுக்கோங்க சார், எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க.”

ஒரு கை கைப்பிடியில், ஒரு கை கட்டையில், சுவிட்சை உன் அப்பனா வந்து அணைப்பான் என்று வாய்வரை வந்தது. வாத்தியார் உத்தியோகத்தை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

குரோம்பேட்டையில் கடை வைத்திருந்த அம்மாள், நான் கேட்பதற்கு முன்பே ப்ளக்கைச் சொருகினார். என் கட்டையை வாங்கித் தானே பொருத்தினார். துளை விழுந்தது, கட்டை அசையவில்லை. மிக்சியில் சட்னி அரைக்கிற சத்தத்தில் பாதிகூட இல்லை.

“டிரில்லு மாதிரி கத்தற மோட்டார் இல்ல சார், முனகும், அவ்ளோதான். ஆழத்துக்கு வெச்சிருக்கற ஸ்க்ரூ மட்டும் லூசாவும், அப்பப்ப டைட் பண்ணிக்கோங்க.”

அத்தனை அலைச்சலில் குறையைச் சொல்லி விற்ற ஒரே ஆள் அவர்தான். விலையும் மனைவி போட்ட கோட்டுக்குள் நின்றது. புது மெஷின் வண்டலூர் பார்சல் ஆபீசுக்கு வரும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மெஷின் வாங்கிவிட்டதைச் செயலாளரிடமும் சொன்னேன். இடம் தப்பியது என்று நம்பினேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது லிஃப்ட் அருகே செயலாளர் மறித்தான்.

“நேத்து ஃபுல்லா மெஷின் ஓட்டினீங்க போல சார். மாமியாருக்கு ஒரே தலைவலி.”

முந்தின நாள் முழுக்க நான் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். மெஷின் வண்டலூரில் பெட்டிக்குள் கிடந்தது, நான் இன்னும் போய் எடுக்கவே இல்லை. அதைச் சொன்னேன். நாணுவான் என்று பார்த்தால் சிரித்தான்.

“சரி, ஓபனாவே சொல்றேன் சார். எனக்கு ரெண்டாவது கார் வருது. உங்க இடம் வேணும். இடம் வேணும்னு கேட்டா மீட்டிங்ல எவனும் கை தூக்க மாட்டான். சத்தம்னா தூக்குவான். பேசாம வாடகைக்கு விட்டுடுங்க.”

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன் பொய் சொன்னதைவிட, அந்தப் பொய்யை நம்பி நான் கடை கடையாக ஏறி இறங்கியதுதான் அதிகம் எரிந்தது.

கூட்டத்துக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லோர் முன்னாலும் வேப்பங்கட்டையில் துளை போட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். செயலாளர் என்னிடம் லிஃப்ட் அருகே சொன்னதையும் சொன்னேன். அது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. முதல் மாடிக்காரர் எழுந்தார். அவர் வீட்டுப் பூஜை அலமாரிக்குக் கால் போட்டுக் கொடுத்தவன் நான்.

“சத்தம் இல்லதான் சார், ஒத்துக்கறோம். ஆனா இன்னிக்கு உங்கள விட்டா நாளைக்கு இன்னொருத்தர் மாவு மில் வைப்பார். கார் பார்க்கிங்னா வண்டி நிறுத்தத்தானே?”

கைகள் எழுந்தன. முதல் கை அவருடையது.

நாற்காலி இரண்டுதான் முடிந்தது. மெஷின் எங்கள் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. இடத்தை அவனுக்கு நான் தரவில்லை. மனைவியின் ஸ்கூட்டரை அதன் நட்டநடுவில் குறுக்காக நிறுத்தியிருக்கிறேன். வண்டி நிறுத்தத்தானே இடம், வண்டி நிற்கிறது. அவனுடைய புதுக் கார் தெருவில் வேகிறது. பால்கனியில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது வயிறு குளிர்கிறது. சனிக்கிழமைகளில் இப்போது எனக்கு இருக்கிற வேலை அது ஒன்றுதான்.