அட்டை நிலாவில் ஒரு மாமி

இன்று நானும் மனைவியும் கண்டக்குழிக் கடற்கரை விடுதியொன்றில் தேநீர் குடிக்கப் போனோம்.

சுவரில், அட்டை நிலாவில் சாய்ந்திருக்கும் பழைய நடிகையின் விளம்பரப் படம். நான் சேர்த்து வைத்திருக்கும் நடிகைகளின் படங்களில் இவருடையதும் ஒன்று. கீழே ‘எங்கள் மாமி’ என்று எழுதியிருந்தது.

பொறுக்க முடியவில்லை. முதலாளியைக் கூப்பிட்டேன்.

“தம்பி, இவ சினிமா நடிகை. எழுத்தை அழியுங்க.”

“இல்ல ஐயா, எங்கட அப்பாட அக்கா. இங்க மீன் வித்தவ.”

“உங்கட மாமி நிலாவில இருந்தா மீன் வித்தவ? இதே படம், சினிமாக் கம்பெனி முத்திரையோட, என்ட அலுமாரியில இருக்கு.”

“எங்கட மாமி உங்கட அலுமாரிக்குள்ள என்ன செய்யிறா?”

விடுதியே சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைப் பூட்டித் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்னமும் சொல்கிறேன், அவர் நடிகைதான். உங்கள் வீட்டுச் சுவரிலும் அவர் படம் இருந்தால் சொல்லுங்கள், அங்கே அவர் யாருக்கு என்ன முறை?