எல்லப்பனின் மின்னஞ்சல்கள்

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடை மாடியில் 'கங்கா பிரவுசிங் சென்டர்' என்று என் பெயரிலேயே ஒன்று வைத்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்று எப்போதும் மக்கர் செய்யும். தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்திருந்த பையன்கள் பயோடேட்டா அடிக்க வருவார்கள். பெயர், ஊர், சாதி எதையும் யாரிடமும் தோண்டித் துருவிக் கேட்க மாட்டேன். அடுத்த வீட்டு வம்பு எனக்கெதற்கு என்று அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். அந்தப் பெருமையில் மண் விழுந்த கதைதான் இது.

எல்லப்பன் முதன்முதலில் வந்தது இரண்டாயிரத்து மூன்று கடைசியில். ஐம்பது தாண்டிய வயது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. நீல நிறச் சட்டை, தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். சென்னையில் ஒரு அறக்கட்டளை இன்டர்நெட் வழியாகக் குடும்ப ஆலோசனை தருவதாக வாரப் பத்திரிகையில் வந்த துண்டை நீட்டினார். பிரச்சினையை எழுதி அனுப்பினால், படித்த அம்மா ஒருவர் நான்கைந்து நாளில் பதில் எழுதுவாராம்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது கங்காம்மா. நான் சொல்றேன், நீ அடி."

தமிழை ஆங்கில எழுத்தில் தட்ட ஆரம்பித்தேன். "பிள்ளைப்பாக்கம் எல்லப்பன் எழுதிக்கொள்வது என்னவென்றால்" என்று தபால் கார்டு எழுதுகிற பாணியில்தான் தொடங்கினார்.

விஷயம் இதுதான். பிள்ளைப்பாக்கத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்தார். ஊரே விற்கிறது என்று அவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, அதன் பிறகுதான் மனைவி சின்னப்பொண்ணுவிடம் சொன்னார். இருபத்தெட்டு வருஷம் அந்தச் சேற்றில் குனிந்து நாற்று நட்டவள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றாளாம். அதுதான் அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதோடு எட்டு மாதம் ஓடிவிட்டது. ஒரே மகள் கவியா வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"சோறு போடுறா, துணி தொவைக்கிறா, எல்லாம் செய்யறா. வாயத் தொறக்க மாட்றா. எதனா சொல்லணும்னா கோழியப் பாத்து சொல்றா மா. 'சோறு ஆறிக்கினு கீது'ன்னு கோழிகிட்ட சொன்னா, நான் போய் உக்காரணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

பதில் எழுதியவர் பெயர் சத்யப்பிரியா. நல்ல மனுஷி. பொறுமையாக, ஒரு பக்கம் எழுதியிருந்தார். "உங்கள் மனைவி ஒரு இழப்பில் இருக்கிறார். வற்புறுத்தாதீர்கள். அவராகப் பேசும்வரை காத்திருங்கள்." எல்லப்பன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மாதம் ஒரு முறை, ஷிஃப்ட் முடிந்து வந்து "இன்னும் பேசல, காத்துக்கினு கீறேன்" என்று எழுதச் சொல்லிவிட்டுப் போவார்.

அடுத்த ஆடி மாதம், காலை பத்து மணி வாக்கில் ஓர் அம்மாள் படியேறி வந்தாள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். சேலைத் தலைப்பை மார்பின் குறுக்கே இழுத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். மகளிர் குழுவில் யாரோ இந்த ஆலோசனையைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

படிவத்தில் பெயர் கேட்டிருந்தது. கேன்டீன் அட்டையைக் காட்டினாள்: பச்சையம்மாள்.

"வூட்டுக்காரர் பேர் இன்னாக்கா?"

"நல்லா கீதே! அவரு பேர நான் வாயால சொல்றதா?"

எங்கள் பக்கத்து ஊர்களில் அந்த வயதுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஓட்டர் லிஸ்டில் பேர் சேர்க்க வந்தவரிடமே சொல்லாமல் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தவர்கள் உண்டு. ஜாடையாகக் காட்டச் சொல்லியாவது கேட்டிருக்கலாம். இரண்டு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

மாரில் ஒரு கட்டி. ஆறு மாதமாக இருக்கிறது. வலிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

சத்யப்பிரியா மறுநாளே பதறிப்போய்ப் பதில் எழுதினார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், முதலில் கணவரிடம் சொல்ல வேண்டும். படித்துச் சொன்னேன்.

"அவரு கேக்கட்டும், சொல்றேன்" என்றாள். "ஒரே வூட்ல கீறாரு. மூஞ்சப் பாத்தா தெரியாதா? இன்னா புள்ள, ஒடம்புக்கு இன்னான்னு ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா பூடுவாரு?"

நானும் அவளோடு சேர்ந்து அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டினேன். கல்நெஞ்சக்காரன் என்றேன். ஆஸ்பத்திரிக்காவது போங்கக்கா என்றேன். தலையாட்டினாள். அப்புறம் அவள் வரவில்லை. எனக்கும் வேலை இருந்தது.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். எல்லப்பன் பகலிலேயே வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"எழுது மா. சின்னப்பொண்ண காஞ்சிபுரத்துல ஆஸ்பத்திரில சேத்துகீது. கேன்டீன்ல மயங்கி உழுந்துட்டா. மார்ல கட்டியாம். முத்திப்போச்சாம். ஒரு வருசமா மூடி வெச்சிக்கினு இருந்திருக்கா."

தட்டுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"அண்ணா, கேன்டீன் அட்டைல அவங்க பேரு இன்னா?"

"பச்சையம்மா. சின்னப்பொண்ணுன்றது வூட்ல கூப்புட்றது. ஏம்மா?"

சொல்லிவிட்டேன். அவள் வந்தது, உட்கார்ந்தது, சொன்னது எல்லாம். "நீங்க கேட்டா சொல்லலாம்னு இருந்தாங்கண்ணா." அவள் பேசட்டும் என்று இவர் காத்திருந்ததும், இவர் கேட்கட்டும் என்று அவள் காத்திருந்ததும் என் ஒரே மேஜையில்தான் நடந்தது. இரண்டையும் தட்டியவை இந்தக் கைகள்தான். புருஷன் பேர் என்ன என்று இன்னொரு தரம் கேட்டிருந்தால் போதும். இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

அவர் விறுவிறுவென்று படியிறங்கி, காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் ஓடி ஏறியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து மொட்டைத் தலையோடு வந்தார். நான் எழுந்து நின்றேன். அழுகையை அடக்க முடியவில்லை. அவர்தான் என்னை உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு போய் கேட்டேன் மா. இன்னா புள்ள, வலிக்குதான்னு. 'இப்பதான் கேக்கத் தோணுச்சா'ன்னா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்பறம் பதினோரு நாளு. வாய மூடல. நெலத்த வித்ததுக்குத் திட்டுனா. கவியா கல்யாணத்துல எங்க தங்கச்சி மொறச்சதுக்குத் திட்டுனா. நர்சம்மா வந்து பேசாம படுன்னு சொல்லியும் கேக்கல. நல்லா திட்டுனா மா. ஆசை தீரத் திட்டுனா."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"அந்த சென்னை அம்மாவுக்கு எழுது. சின்னப்பொண்ணு பேசிட்டான்னு."

"மத்ததுண்ணா?"

"மத்தது எதுக்கு? பாவம், அவங்களும் ஒரு வருசமா சொல்லிக்கினுதான இருந்தாங்க. அவங்களுக்காவது சந்தோசமா இருக்கட்டும்."

அவர் சொன்னபடியே ஒரு வரி அடித்து அனுப்பினேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. "மிகவும் மகிழ்ச்சி, எல்லப்பன் ஐயா. உங்கள் பொறுமை வீண் போகவில்லை. அடுத்த கடிதத்தை உங்கள் மனைவி சொல்லச் சொல்ல எழுதி அனுப்புங்கள்."

ஷிஃப்ட் முடிந்து வந்து, பதில் வந்ததா என்று கேட்டார். முதல் இரண்டு வரியை மட்டும் படித்துக் காட்டினேன்.